ஐந்து டின்னுக்கு ஒரு குக்கர்

நேற்று வீடு திரும்பும்போது ராத்திரி எட்டே முக்கால். வெங்காயமும் பூண்டும் வதங்கிக்கொண்டிருந்த சட்டியில் ஃப்ரீஸரிலிருந்து எடுத்த ஒரு டப்பா கொண்டைக்கடலையைக் கவிழ்த்தேன். தொடக்கத்தில் கல் விழுந்த மாதிரி சத்தம், ஒரு நிமிடத்தில் அது அடங்கி சலசலப்பு, அப்புறம் வாசனை. 18 நிமிடத்தில் சாப்பாடு தட்டுக்கு வந்துவிட்டது. ஒன்பது வாரமாக இந்த ஒரு ராத்திரிக்காகத்தான் பாடுபட்டேன். டின் கடலை இருந்த இடத்தில் நானே வேகவைத்த கடலை வந்து உட்கார்ந்தும், அவசரத்தில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. நடுவில் தப்பாகப் போனதையும் சேர்த்து, நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

வீட்டில் ஒருவருக்கு ரத்த அழுத்தம். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார்கள். சமையலில் போடும் உப்பைக் குறைத்த பிறகுதான் டின்கள் பக்கம் கண் போனது. வாரத்துக்கு நாலைந்து டின் திறக்கிற வீடு எங்களுடையது: கொண்டைக்கடலை, ராஜ்மா, தக்காளி. டின் கடலையை வடித்து நல்ல தண்ணீரில் அலசினால் அதிலுள்ள உப்பில் சுமார் 40 சதவீதம் போய்விடும். அதைச் செய்துகொண்டுதான் இருந்தேன். மீதி உள்ளே இருக்கிறதே என்பது மனதை உறுத்தியது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு டின்னைத் திறந்து அளந்து பார்த்தேன். லேபிளில் 400 கிராம். வடிகட்டியில் கொட்டி இரண்டு நிமிடம் விட்டு எடை போட்டால் கடலை 238 கிராம், மீதியெல்லாம் கொழகொழவென்ற தண்ணீர். ஆக, எனக்கு வேண்டிய அளவு 240 கிராம். பிறகு ஒரே ஒரு கடலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். தோல் எங்கும் கிழியவில்லை. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் ஒரு கணம் எதிர்த்து நிற்கிறது, பிறகு உள்ளே இருப்பது நரநரப்பில்லாமல் ஒரே சீராக நசுங்குகிறது. நடுவில் வெள்ளையாகப் பொடி மாதிரி எதுவும் இல்லை. இந்தப் பதம் வர வேண்டும், 240 கிராம் பங்குகளாக வர வேண்டும், ராத்திரி எட்டே முக்காலுக்குக் கையில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன்.

கருவிகளில் புதிதாக வாங்கியது ஒரு கிராம் வரை காட்டும் தராசும், 500 மில்லி டப்பாக்கள் ஆறும். மற்றபடி 5 லிட்டர் குக்கர், சமையல் தெர்மாமீட்டர், விளிம்பு வைத்த இரண்டு அலுமினியத் தட்டு, மாஸ்கிங் டேப், மார்க்கர் எல்லாம் வீட்டில் இருந்தவை.

முதல் வாரம் அலமாரியில் கிடந்த 500 கிராம் கடலையை எடுத்தேன். நாலு மணி நேரம் ஊறவைத்துவிட்டு, வேலை மிச்சமாகட்டும் என்று தக்காளியையும் சேர்த்துப் பாத்திரத்தில் கொதிக்கவிட்டேன். இரண்டு மணி நேரம் ஆகியும் பல்லில் கடக்கென்றது. புளிப்பு சேர்ந்தால் கடலை மெத்தென்று ஆகாது. கடலை முழுக்க வெந்த பிறகுதான் தக்காளி உள்ளே போக வேண்டும். சமைக்கத் தெரிந்த யாரும் இதைச் சொல்லியிருப்பார்கள். டின் கடலை ஏற்கெனவே வெந்தது என்பதால், வருஷக்கணக்காகத் தக்காளியோடு சேர்த்தே போட்டுப் பழகியிருந்தது என் கை.

இரண்டாம் வாரம் தக்காளி போடவில்லை. பத்து மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 25 நிமிடம் வைத்தேன். சில கடலை குழைந்துவிட்டது, சில நடுவில் விறைத்தே இருந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

"ஏண்டி, அந்தக் கடலை வாங்கி எத்தனை நாளாச்சு?"

"தெரியலக்கா. ரெண்டு வருஷம் இருக்கும்."

"அதான். பழசாயிட்டா எவ்வளவு ஊறினாலும் வேகாது. அதோட மல்லுக்கட்டாம புதுசு வாங்கு."

பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான், இரண்டு வருஷத்துக்கும் மேல். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் பருப்பு வகைகள் நாள்பட்டால் அப்படித்தான் ஆகும். எங்கள் வீட்டில் அந்த அலமாரி அடுப்புக்கு நேர் மேலே இருக்கிறது. அன்றைக்கே அதைக் காலி செய்து, தானியமெல்லாம் எதிர்ச் சுவருக்கு மாற்றினேன். இந்த முயற்சியில் நான் செய்த உருப்படியான காரியங்களில் அது ஒன்று. செலவும் இல்லை.

மூன்றாம் வாரம் புதுக் கடலை. இந்த முறை அவசரப்பட்டு ஊறும் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா போட்டேன். குக்கரைத் திறந்தால் தோல் எல்லாம் கழன்று மேலே மிதந்தது. வாயில் போட்டால் சோப்புச் சுவை. மூன்று முறை அலசியும் போகவில்லை. அந்த 500 கிராமையும் கொட்ட வேண்டியதாயிற்று, மனசே கேட்கவில்லை.

நான்காம் வாரம் சோடா இல்லாமல், குழாய்த் தண்ணீரில். நன்றாகவே வெந்தது, ஆனால் 22 நிமிடம் பிடித்தது. எங்கள் கெட்டிலின் அடியில் எப்போதும் வெள்ளையாகப் படிந்திருக்கும். தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் என்பதற்கு அது அடையாளம், அவை இரண்டும் கடலைத் தோலை இறுக்கிவிடும். அடுத்த வாரம் அதே பொட்டலத்திலிருந்து அதே அளவு கடலை எடுத்து, தண்ணீரை மட்டும் வடிகட்டிய தண்ணீராக மாற்றினேன். 14 நிமிடத்தில் பதம் வந்தது. தோலும் அப்படியே நின்றது.

இப்போது நான் செய்யும் முறை இது. 500 கிராம் கடலை, 2 லிட்டர் வடிகட்டிய தண்ணீர், 30 கிராம் உப்பு, பத்து மணி நேர ஊறல். ஊறும் தண்ணீரில் உப்பு போட்டால் தோல் மென்மையாகி, வெடிக்காமல் வேகிறது. ஆனால் கொஞ்சம் உப்பு கடலைக்குள்ளும் ஏறும். நான் இதில் இறங்கியதே உப்பைக் குறைக்கத்தான் என்பதால், பாதிப் பங்கை உப்பே இல்லாமல் வெறும் தண்ணீரில் தனியாக ஊறவைக்கிறேன். அதில் தோல் அங்கங்கே கிழியும், கிழியட்டும்.

ஊறிய கடலையை வடித்து எடை போட்டால் கிட்டத்தட்ட ஒரு கிலோ. குக்கரில் போட்டு, மேலே இரண்டு விரற்கடை நிற்கும்படி புதுத் தண்ணீர், ஒரு டீஸ்பூன் எண்ணெய். எண்ணெய் ருசிக்காக அல்ல, நுரை பொங்கி வெயிட் துளையை அடைக்காமலிருக்க. கடலை, பீன்ஸ் போன்றவற்றுக்கு குக்கர் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. விசில் எண்ணுவதை விட்டுவிட்டேன். தீ பெரிதாக இருந்தால் விசில் சீக்கிரம் வரும், சின்னதாக இருந்தால் வரவே வராது. எண்ணிக்கையை நம்பி இரண்டு முறை ஏமாந்த பிறகு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து டைமரில் 14 நிமிடம் வைக்கிறேன். அடுப்பை அணைத்த பின் ஆவி தானாக அடங்க 18 நிமிடம் ஆகிறது. அந்த 18 நிமிடத்தில் வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே தோல்கள் வெடிக்கும். காத்திருப்பதும் சமையல் நேரம்தான். திறந்ததும் ஐந்து கடலையை வேறு வேறு இடத்திலிருந்து எடுத்து நசுக்கிப் பார்க்க வேண்டும். ஐந்தும் நசுங்கினால் சரி. ஒன்று விறைத்தாலும் திரும்ப மூடி இன்னும் 3 நிமிடம்.

500 கிராமுக்கு எனக்குக் கிடைப்பது 1,180 முதல் 1,220 கிராம் வரை. சரியாக ஐந்து டின் அளவு.

இதுவரை ஆனது வேகவைப்பு மட்டும். நான் பெரிய தப்புச் செய்தது அதற்குப் பிறகு. டின் போலவே அலமாரியில் வைத்துக்கொள்ளலாமே என்ற ஆசையில், வெந்த கடலையைக் கண்ணாடி ஜாடிகளில் போட்டு, மூடி, பெரிய பாத்திரத்துத் தண்ணீரில் 45 நிமிடம் கொதிக்கவிட்டேன். ஆறும்போது ஒவ்வொரு மூடியும் 'டொக்' என்று உள்ளே இழுத்துக்கொண்டது. ஆறு ஜாடிகள். அலமாரியில் வரிசையாக நிற்பதைப் பார்க்க அவ்வளவு திருப்தியாக இருந்தது.

மூன்றாம் நாள் இதைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தவள் அப்படியே எழுந்து அலமாரிக்குப் போனேன். போட்டுலிசம் என்ற உயிர்கொல்லி நோயைத் தரும் விஷத்தை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவின் வித்துகள் 100 டிகிரி கொதிநீரில் சாவதில்லை. காற்றில்லாத, புளிப்பில்லாத இடத்தில் அவை முளைத்து விஷத்தைச் சுரக்கின்றன. மூடி உள்ளே இழுத்துக்கொண்டதே, அது காற்றை வெளியேற்றி அவற்றுக்கு ஏற்ற இடத்தை நானே அமைத்துக் கொடுத்ததற்கு அடையாளம். புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 4.6-க்கும் கீழே இருக்கிற புளிப்பான பொருள்களுக்குத்தான் கொதிநீர் முறை போதும். கொண்டைக்கடலை அதற்கு வெகு மேலே, 6-ஐ ஒட்டி இருக்கிறது. தொழிற்சாலைகளில் டின்னை மூடிய பிறகு அழுத்தத்தில் 121 டிகிரிக்குக் கொண்டுபோய், டின்னின் நட்ட நடுவில் இருப்பதும் அந்தச் சூட்டில் சுமார் 3 நிமிடமாவது இருந்ததற்குச் சமமாகப் பதப்படுத்துகிறார்கள். வீட்டில் அதைச் செய்ய அழுத்தமானி வைத்த தனிப் பாத்திரமும், ஒவ்வொரு பொருளுக்கும் சோதித்து வைத்த நேர அளவும் வேண்டும். என் விசில் குக்கர் அதற்கு ஈடாகாது.

அந்த விஷத்துக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. அதனால் ஒரு ஜாடியைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. ஆறையும் மூடியோடு இரட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டேன். ஒரு கிலோவுக்கு மேல் கடலை, ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. அதைவிட, மூன்று நாள் அது வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டும்படி இருந்ததே என்பதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அன்றிலிருந்து டின் மீது எனக்கு வேறு விதமான மரியாதை. பிரான்சில் நிக்கோலா அப்பேர் என்பவர் கண்ணாடி பாட்டிலில் உணவை அடைத்துக் கொதிக்கவைத்துக் காக்கும் முறைக்காக 1810-ல் அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு வாங்கினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் பீட்டர் டுராண்ட் தகர டின்னுக்குக் காப்புரிமை பெற்றார். உணவு ஏன் கெடுகிறது என்பதை விஞ்ஞானி லூயி பாஸ்டர் விளக்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இது நடந்துவிட்டது. அப்பேர் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கண்ட முறையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

ஆக, ஃப்ரீஸர்தான் வழி என்று ஆயிற்று. அங்கேயும் சிறு சிறு தடுமாற்றம். முதல் தடவை 1.2 கிலோவையும் ஒரே பையில் போட்டு வைத்தேன். மறுநாள் அது ஒரே பாறை. 240 கிராம் வேண்டுமென்று அதைத் தரையில் தட்டி, பை கிழிந்து, கடலை அடுக்களை முழுக்க ஓடியது. அடுத்த தடவை டப்பாக்களில் வேகவைத்த தண்ணீரோடு விளிம்பு வரை ஊற்றி வைத்தேன். ஒரு டப்பா வெடித்தது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும், மேலே இரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டே ஆக வேண்டும்.

இப்போது இரண்டு விதமாக வைக்கிறேன். பாதியை நன்றாக வடித்து, துணியில் ஈரம் ஒற்றி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு பையில் கொட்டுகிறேன். கோலிக்குண்டு மாதிரி தனித்தனியாக நிற்கும், வேண்டிய அளவு அள்ளலாம். வறுக்கவும் சாலட்டுக்கும் இது நல்லது. மீதிப் பாதி, வெந்த தண்ணீரோடு டப்பாவில். சூப்புக்கு இதுதான், அந்தத் தண்ணீரிலேயே சூப் கெட்டிப்பட்டுவிடும். எதுவானாலும் அகலமான தட்டில் கொட்டிச் சீக்கிரம் ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிடுகிறேன். சாதாரண ஃப்ரிட்ஜில் வைப்பதை நாலு நாளுக்குள் தீர்க்கிறேன்.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. டப்பா காய்ந்து, சூடும் குளிரும் இல்லாமல் இருக்கும்போதே ஒட்டி எழுதிவிட வேண்டும். பனி படிந்த டப்பாவில் மாஸ்கிங் டேப் ஒட்டாது. நான் தேதி, எடை, அதோடு 'உப்பு' அல்லது 'வெறும்' என்று எழுதுகிறேன். இந்தக் கடைசிச் சொல் விட்டுப்போனால் யாருக்காக இதெல்லாம் செய்தேனோ அவர் தட்டில் தப்பான டப்பா போய்விடும்.

ராஜ்மாவுக்கும் இதே முறைதான், ஒரு எச்சரிக்கையோடு. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சு இருக்கிறது. நாலைந்து விதை சரியாக வேகாமல் உள்ளே போனாலே கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் ஸ்லோ குக்கரில் அது போகாது, இன்னும் கூடவும் வாய்ப்புண்டு. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். நான் தெர்மாமீட்டரைப் போட்டுப் பார்த்துக் கொதிக்கவிட்டு, பிறகுதான் குக்கருக்கு மாற்றுகிறேன். ஜாடி அனுபவத்துக்குப் பிறகு இதில் குறுக்கு வழி தேட எனக்கு மனம் வரவில்லை.

தக்காளியில் டின்தான் ஜெயித்தது. மூன்று கிலோ தக்காளி வாங்கி, அடியில் கீறி, 45 விநாடி கொதிநீரில் போட்டு, பனிக்கட்டித் தண்ணீரில் முக்கித் தோலுரித்து, விதை நீக்கி, மிதமான தீயில் 1 மணி 50 நிமிடம் வற்றவைத்தேன். கிடைத்தது 1,210 கிராம், மூன்று டின்னுக்குச் சமம். அடுப்புக்கு மேலே சுவரெல்லாம் சிவப்புப் புள்ளி. ருசியில் டின்னுக்குக் கீழேதான். நான் வாங்கியது பருவம் தப்பிய தக்காளி, டின்னில் வருவது கொடியிலேயே பழுத்துப் பறித்த உடனே அடைத்தது. தக்காளி டின்னை நிறுத்தப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன். உப்பு சேர்க்காத டின்னாகப் பார்த்து வாங்குகிறேன். துண்டாக நறுக்கியதைவிட முழுத் தக்காளி டின் நல்லது. துண்டுகள் வடிவம் கலையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு சேர்ப்பதுண்டு, எவ்வளவு கொதித்தாலும் அவை கரையாமல் நிற்கும்.

செலவையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். கடலை, எரிவாயு, பை எல்லாம் சேர்த்து 240 கிராமுக்கு எனக்கு ஆனது டின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கொட்டிய கடலையையும் கணக்கில் சேர்த்தால் முதல் ஆறு வாரம் நஷ்டம்தான். கை வேலை நேரம் எனக்கே ஆச்சரியமாக இருந்தது. களைந்து ஊறவைக்க 4 நிமிடம், வடித்து குக்கரில் ஏற்ற 5, தட்டில் பரப்ப 6, பையில் போட்டு எழுத 8. மொத்தம் 23 நிமிடத்தில் ஐந்து டின். ஒரு டின்னைத் திறந்து, வடித்து, அலசி, காலி டின்னைக் கழுவிப் போட 2 நிமிடம் ஆகிறது. ஒரு டின்னுக்கு வித்தியாசம் 3 நிமிடம்கூட இல்லை.

நான் சறுக்கியது வேறிடத்தில். தொடக்க வாரங்களில் அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே வேகவைக்கப் பார்த்தேன். அதற்கு முந்தின நாள் ராத்திரியே ஊறவைக்க ஞாபகம் வர வேண்டும். ஐந்தாம் வாரம் நோட்டில் மூன்று இடத்தில் 'ஊறவைக்க மறந்தேன், டின்' என்று எழுதியிருக்கிறது. ஞாயிறு காலையில் மொத்தமாக வேகவைத்து வைப்பது என்று மாற்றிய பிறகு அந்த வரி வரவில்லை. ஞாபகம் வைக்க வேண்டியது சனி ராத்திரி ஒன்றுதான், அதற்கும் போனில் அலாரம் வைத்திருக்கிறேன்.

அடுத்து மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. தட்டுகள் ஃப்ரீஸருக்குள் குறுக்கே இடிக்கின்றன, சின்னதாக மூன்று வாங்க வேண்டும். குக்கர் கேஸ்கட் வாரா வாரம் உழைத்துத் தளர்ந்துவிட்டது, ஓரத்தில் ஆவி கசிகிறது, மாற்று ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 500 கிராமுக்கு மேல் கடலை வாங்கக் கூடாது, பொட்டலத்தில் தேதி பார்க்காமல் வாங்கவே கூடாது. மின்சாரம் போய் ஃப்ரீஸர் உருகினால் என்ன செய்வது என்று யோசித்து, கடலை டின் இரண்டை மட்டும் அலமாரியில் விட்டுவைத்திருக்கிறேன்.

இன்றைய கணக்கில் உள்ளே ஏழு பங்கு. மூன்றில் 'உப்பு', நாலில் 'வெறும்'. வெறும் என்று எழுதியதுதான் முதலில் தீர்கிறது, அதனால் வருகிற சனிக்கிழமை இரண்டு பாத்திரத்தையும் உப்பில்லாமலே ஊறவைக்கப் போகிறேன்.